எலுமிச்சைச் சாற்றுக் கடையும் பொது நிதியும்

கூலியில் சில காசு பிடித்தாலும், விளைபொருள் விற்ற பணத்தில் சிறிது ஒதுக்கினாலும், “இது எந்த மூலைக்குக் காணும்?” என்று வினவும் அங்கத்தினர் எல்லாச் சங்கங்களிலும் உண்டு. அவ்வினாவை முன்வைத்தே இம்மாதப் பாடமாக அமெரிக்க நாட்டில் நடந்த ஒரு செய்தியை எடுத்துக்கொள்கிறோம். அதைத் தொடங்கியவள் நான்கு வயதுச் சிறுமி.

அலெக்சாண்ட்ரா ஸ்காட் என்பது அவள் பெயர். அலெக்ஸ் என்று அழைப்பர். 1996ஆம் ஆண்டு ஜனவரியில் பிறந்தவள். முதலாண்டு நிறைவுக்கு இரண்டு நாட்களே இருந்தபோது அவளுக்கு நியூரோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய் கண்டது. முதிராத நரம்பணுக்களில் தோன்றும் இந்நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையே பற்றுவது. 2000ஆம் ஆண்டில், நான்கு வயது நிறைந்த மறுநாள், அவளுக்குக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை நடந்தது. படுக்கையில் இருந்தபடியே அவள் தாயிடம், வீடு திரும்பியதும் எலுமிச்சைச் சாற்றுக் கடை வைக்க வேண்டும் என்றாள். வரும் பணத்தை மருத்துவர்களிடம் கொடுத்தால், தனக்கு உதவியதுபோல் மற்றக் குழந்தைகளுக்கும் அவர்கள் உதவுவார்கள் என்பது அவளுடைய கணக்கு.

கோடையில் பிள்ளைகள் வாசலில் மேசை போட்டுச் சாறு விற்றுக் கைச்செலவுக்குக் காசு சேர்ப்பது அந்நாட்டு வழக்கம். ஆகவே கடை புதிதன்று. காசு போய்ச் சேர்ந்த இடமே புதிது. அவ்வாண்டு ஜூலையில், கனெக்டிகட் மாநிலத்தில் இருந்த தன் வீட்டில், தமையன் துணையோடு அவள் கடை வைத்தாள். ஒரே நாளில் 2,000 டாலருக்கு மேல் திரண்டது. அத்தனையும் மருத்துவமனைக்குச் சென்றது.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தைகளைப் பற்றும் புற்றுநோய்கள் அருகியே காண்பவை. மருந்து வாங்குவோர் சிலரே என்றால், புது மருந்து தேட முதல் போடுவோரும் சிலரே. பெரியவர்களுக்கு ஏற்ற மருந்து குழந்தைகளின் நோய்க்கு எப்போதும் பொருந்துவதில்லை. சந்தை கைவிட்ட இடத்தில் பலருடைய சிறு காசு கூடி நிற்பது என்ன என்பதைக் கூட்டுறவாளருக்கு விளக்க வேண்டுவதில்லை. மேலும், அச்சிறுமி தன் சிகிச்சைச் செலவுக்கென்று ஒரு காசும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் குற்றமாகாது, ஆனால் கடை அவளோடு முடிந்திருக்கும்.

அது முடியவில்லை. குடும்பம் சிகிச்சையை முன்னிட்டுப் பிலடெல்பியா நகரை அடுத்துக் குடியேறிய பின்னும் ஆண்டுதோறும் கடை நடந்தது. 2004இல் அவள் பத்து லட்சம் டாலரை இலக்காக வைத்தாள். முன்பின் அறியாதோர் பல ஊர்களிலும் தம் வாசலில் தாமே கடை போட்டு வசூலை அனுப்பினர். அவள் பெயரால் சேர்ந்த தொகை பத்து லட்சத்தைத் தாண்டிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 1ஆம் நாள், எட்டு வயதில், அவள் காலமானாள்.

மறு ஆண்டு பெற்றோர் அதை முறைப்படி ஓர் அறநிறுவனமாக அமைத்தனர். இன்றுவரை 25 கோடி டாலருக்கு மேல் அது திரட்டியிருக்கிறது. பெரும்பகுதி ஆராய்ச்சிக்குச் செல்கிறது. தொலைவில் உள்ள மருத்துவமனைக்குக் குழந்தையை அழைத்துச் செல்ல வழியில்லாத குடும்பங்களுக்குப் பயணச் செலவும் தருகிறது. நோயுற்ற குழந்தையின் உடன்பிறந்தோருக்கு ஆறுதல் மடல்கள் அனுப்பும் பணியும் அதனுடையதே. வீட்டார் கவனமெல்லாம் நோயாளியின் பக்கம் திரும்பியிருக்க, மூலையில் வாய் பேசாது நிற்கும் பிள்ளையையும் ஒருவர் நினைத்தாரே! நாம் மிகவும் மெச்சுவது இதைத்தான்.

ஆய்வாளர் கண்ணோடு நோக்கினால் மற்றொன்றும் தெரிகிறது. சாறு வாங்கியவர் தம் காசு எங்கே போகிறது என்பதை வாங்கும்போதே அறிந்திருந்தார். நோக்கம் மேசைமேல் எழுதி வைத்தது போல் வெளிப்படையாக இருந்தது. நம் சங்கங்களில் நிகர லாபத்திலிருந்து பொது நன்மை நிதிக்கு ஒதுக்குவது புதிதன்று. ஒதுக்கியபின் அது என்னவாயிற்று என்று கேட்பதுதான் அரிது.

படிப்பு வட்டங்களில் இப்பாடத்தை வாசிக்கையில் தத்தம் சங்கத்தின் பொது நன்மை நிதிக் கணக்கையும் எடுத்து வைத்துக்கொள்வது நலம். சென்ற ஆண்டு அதிலிருந்து யாருக்கு எவ்வளவு சென்றது என்பதை, நாம் சென்ற பல இடங்களில், செயலாளர் தவிர வேறெவரும் சொல்லக் காணோம்.