மஞ்சள் விளக்கு உரைப்பது யாது?

நம் உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஏரிக்கரைகளின் மீதும் சேற்றுவழிகளிலும் கார்கள் செல்லுகின்றன. அவற்றுள் ஒன்றில் ஏ.பி.எஸ். என்னும் மஞ்சள் விளக்கு அணையாது எரியுமாயின் உடையவர் அஞ்சுகின்றார். பழுதுபார்ப்போருட் சிலர் விலையுயர்ந்த உறுப்பொன்றை உடனே மாற்றச் சொல்லுகின்றனர். அவ்விளக்கு உண்மையில் உரைப்பது யாதென்பதை ஈண்டு ஆராய்வோம்.

திடீரென பிரேக்கை அழுத்துங்கால் சக்கரம் சுழலாது பூட்டிக்கொள்ளின், கார் வழுக்கும்; ஸ்டீயரிங்கைத் திருப்பினும் திரும்பாது. இதனைத் தடுப்பதே ஏ.பி.எஸ். 1978-இல் பாஷ் நிறுவனத்தார் இதனை மெர்சிடிஸ் கார்களில் அமைத்தனர். சறுக்கலை அடக்கும் நிலைப்புக் கட்டுப்பாடு 1995-இல் வந்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று.

இவ்விரண்டிற்கும் கண்களாயிருப்பவை சக்கரங்களினருகே உள்ள வேக சென்சார்கள். ஆதலின் ஒன்று பிழைபடினும் இரு விளக்குகளும் ஒருங்கே எரிதல் இயல்பு. அப்பொழுது சாதாரண பிரேக் பெரும்பாலும் வேலைசெய்யும். பூட்டாமற் காக்கும் உதவியே இராது. சிவப்புப் பிரேக் விளக்கும் உடன் எரியின் காரை ஓட்டலாகாது.

இனி ஆராயும் முறையைக் காண்போம். ஸ்கேனர் காட்டும் பிழைக்குறி, தேடவேண்டிய இடத்தைச் சுட்டுமேயன்றிக் கெட்ட உறுப்பைச் சுட்டாது. 'இடது முன்சக்கர சென்சார்' என்று அது கூறினும், குற்றம் அறுந்த ஒயரிலோ, துருவேறிய இணைப்பிலோ, உடைந்த பல்வளையத்திலோ, தேய்ந்த பேரிங்கிலோ இருத்தல் கூடும். ஆகவே ஒருவர் காரை மெல்ல ஓட்ட, மற்றொருவர் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஸ்கேனரில் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். மூன்று 20 கிலோமீட்டர் காட்ட, ஒன்று சுழியிலேயே நிற்பின் ஒயரையும் சென்சாரையும் முதலில் ஐயுறுவோம். சுற்றுதோறும் ஒருமுறை விட்டுவிட்டு வீழின் வளையத்தை ஐயுறுவோம். பின்னர்ச் சேற்றையும் இரும்புத் துகளையும் துடைத்து, ஒயரை அசைத்துப் பார்ப்போம். பழைய சுருள்வகைச் சென்சாரை ஓம் அளவியாற் சோதிக்கலாம். மின்னூட்டம் பெற்று இயங்கும் புதுவகைக்கு அது பொருந்தாது. அதற்கு வந்துசேரும் வோல்ட்டையே அளத்தல் வேண்டும்.

நிலைப்பு விளக்கு மட்டும் எரியின், அண்மையில் வீல் அலைன்மென்ட் செய்யப்பட்டதோ என வினவுவோம். ஸ்டீயரிங் கோண சென்சாருக்கு நடுநிலையை மீண்டும் பதிவித்தலே போதுமாகலாம்.

குறியை அழித்தல் பழுதைத் தீர்த்தலாகாது. காரணத்தை நீக்கி, ஆளற்ற வழியில் ஓட்டிப்பார்த்து, விளக்கு மீளவும் எரியாமை கண்ட பின்னரே வேலை முடிந்ததெனக் கொள்வோமாக. மழைநாளில் ஏரிக்கரையின்மேல் குறுக்கே ஓடும் குழந்தையின் உயிர் அவ்வுதவியைப் பொறுத்திருத்தலும் கூடுமன்றோ!