மூப்பும் மருந்தும்

தோன்றிய உயிர் வளர்வதும், வளர்ந்த உடல் மூப்பதும் இயற்கை. ஆயினும், நரையும் தளர்ச்சியும் எதனால் வருகின்றன என்னும் வினா மாந்தர் உள்ளத்தில் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. அதற்குரிய விடையின் ஒரு பகுதி, கண்ணுக்குப் புலனாகாத உயிரணுக்களில் அடங்கியிருந்தது.

உடலினின்றும் பிரித்தெடுத்த உயிரணுக்களுக்கு உணவூட்டிக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தால், அவை முடிவின்றிப் பெருகும் என்று முன்னர் அறிஞர் நம்பினர். நோபெல் பரிசு பெற்ற அலெக்சிஸ் காரெல், 1912ஆம் ஆண்டில் கோழிக்கருவின் இதயத்திலிருந்து எடுத்த உயிரணுக்களை வளர்க்கத் தொடங்கினார். அவை பல்லாண்டுகள் வாழ்ந்தன எனக் கூறப்பட்டமையால் அந்நம்பிக்கை வேரூன்றியது.

1961ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரில் லியோனார்டு ஹேஃபிளிக், பால் மூர்ஹெட் என்னும் இருவரும் இதற்கு மாறான உண்மையைக் கண்டனர். மனித உயிரணுக்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் பெருக்கத்தை நிறுத்திவிட்டன. குறை உணவிலோ கலத்திலோ இருக்கலாகாதா என்னும் ஐயம் எழுந்தது. ஆகவே, ஆணுடலினின்றும் எடுத்துப் பலமுறை பிரிந்து முதிர்ந்தவற்றையும், பெண்ணுடலினின்றும் எடுத்துச் சிலமுறையே பிரிந்தவற்றையும் ஒரே கலத்தில் வளர்த்தனர். நுண்ணோக்கியால் இவ்விருவகையையும் பிரித்தறியலாம். காலஞ்செல்ல, கலத்தில் எஞ்சியவை இளைய வகையே. உணவும் ஒன்று, கலமும் ஒன்று. எனவே, மூப்பின் காரணம் உயிரணுக்களுக்குள்ளேயே இருந்தது என்பது தெளிவாயிற்று.

பெருக்கம் ஓய்ந்த உயிரணுக்கள் எல்லாம் உடனே மடிவதில்லை. சில உடலிலேயே தங்கி, அண்டையிலுள்ளவற்றுக்குத் தீங்கு செய்யும் பொருள்களைச் சுரக்கின்றன. வயது ஏற ஏற இவை மிகுகின்றன. 2011ஆம் ஆண்டில் மேயோ மருத்துவ நிலைய ஆராய்ச்சியாளர், விரைந்து மூப்படையும் சுண்டெலிகளின் உடலிலிருந்து மரபணு முறையால் இவற்றை அகற்றினர். கண்புரையும் தசைத் தளர்ச்சியும் தாமதித்தே வந்தன. 2015ஆம் ஆண்டில், இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் டாசாட்டினிப் என்னும் மருந்தும், வெங்காயத்திலுள்ள குவர்செட்டின் என்னும் பொருளும் சேர்ந்து இவற்றை அழிக்கவல்லன என்பது சுண்டெலிகளிடம் புலனாயிற்று. வெங்காயத்தை மிகுதியாக உண்டால் மூப்பு நீங்கும் என்பது இதன் பொருளன்று. மனிதரிடம் சோதிக்கும் அளவு, உணவிற் கிடைப்பதனினும் பன்மடங்கு பெரிது.

2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், நுரையீரல் தழும்பு நோயுற்ற 14 பேரிடம் இம்மருந்துகள் சோதிக்கப்பட்டிருந்தன. அவர்களுடைய நடையாற்றல் சற்று மேம்பட்டது. எனினும், மருந்து பெறாதாரோடு ஒப்பிட்டு நோக்காத சிற்றாய்வு அது. மேலும், ஓய்ந்த உயிரணுக்கள் புண் ஆறுவதற்கும் துணைபுரிகின்றன. பெருக்கம் நிற்பது புற்றுநோய்க்குத் தடையாகவும் அமைகின்றது. ஆதலின், அவற்றை எப்பொழுது, எவ்வளவு அகற்றுவது என்பது ஆழ்ந்து ஆராய்தற்குரியது.

சாவை ஒழிப்பது இம்முயற்சியின் நோக்கமன்று. முதியோர் தம் இறுதிக் காலத்தைப் படுக்கையில் கழியாது, தம் காலால் நடந்தும் தம் கண்ணால் கண்டும் வாழச் செய்வதே நோக்கம். காரெலின் கூற்றை நன்கு சோதியாமல் நம்பியதால் உண்மை வெளிப்பட ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. அப்பிழை மீண்டும் நேராதிருக்க, ஒவ்வொரு மருந்தையும் ஐயுற்று, ஒப்பிட்டு, தேர்ந்து தெளிதல் வேண்டும். நலமான முதுமைக்கு வழி அதுவே.