கேபிள் வழி இணையம்: இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

இம்முறை வீட்டுச் சுவர் வழியே வரும் கேபிளைப் பற்றிப் பார்ப்போம். தொலைக்காட்சிக்காகப் போடப்பட்ட காலத்தில் அது பெரும்பாலும் ஒருவழிப் பாதை, நிலையத்திலிருந்து வீட்டுக்கு. இணையத்துக்கோ வீட்டிலிருந்தும் செய்தி திரும்பிப் போக வேண்டும். அதற்கான பொது விதிமுறையே 1997-இல் கேபிள்லாப்ஸ் வெளியிட்ட டாக்சிஸ். வட அமெரிக்காவில் அன்று திரும்பும் பாதைக்குக் கிடைத்தது 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய இடமே.

சிரமமும் அங்கேதான். அந்தப் பாதையில் தெருவிலுள்ள எல்லா வீடுகளின் இரைச்சலும், புனலில் ஊற்றினாற்போல், ஒன்றாய்ச் சேர்ந்து நிலையத்துக்குப் போகிறது. ஒரு வீட்டில் இணைப்பு தளர்ந்திருந்தால் சிற்றலை வானொலிகூட அதன் வழியே உள்ளே புகும். தடங்கல் அயல்வீட்டுப் பிள்ளையின் இணைய வகுப்புக்கு!

ஆகவே கருவி அமைப்பவர்கள் வழியிலுள்ள பெருக்கிகளைக் குறைக்கப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பெருக்கியும் தன் பங்குக்கு இரைச்சல் சேர்க்கும், மின்சாரமும் எடுக்கும். (அந்த மின்சாரமும் அதே கேபிளில்தான், பொதுவாக 60 அல்லது 90 வோல்ட்டில், போகிறது.) ஒளியிழையைத் தெருமுனை வரை கொண்டுவந்தால் பெருக்கிகள் குறையும், பழுதாகும் இடங்களும் குறையும். விளம்பரங்கள் வேகத்தையே பேசுகின்றன. எனக்கென்னவோ இதுதான் பெரிய முன்னேற்றம்.

உங்கள் வீட்டில் பயன்படாத கேபிள் முனை திறந்து கிடந்தால், 75 ஓம் மூடி ஒன்றைத் திருகிவிடுங்கள். தளர்ந்த இணைப்புகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.