தியானமும் சத்திரவைத்தியர் கையும்

சத்திரவைத்தியருக்குத் தியானப் பயிற்சி பயன்படுமோ என்பது மேனாட்டு வைத்திய கலாசாலைகள் சிலவற்றில் ஆராயப்பட்டு வரும் பொருள். இதனைக் கேள்வியுற்ற நம்மவர் சிலர், யோகத்தை விஞ்ஞானம் நிலைநாட்டிவிட்டதென மேடையிலும் வகுப்பிலும் கூறத் தலைப்பட்டனர். மாணாக்கர்க்கு ஒன்றை உரைக்குமுன் அதனை நிறுத்துப் பார்த்தல் ஆசிரியர் கடனாதலின், அறியப்பட்டவற்றை ஈண்டு எடுத்துரைப்பாம்.

எவர் கையும் முற்றும் அசைவின்றி நிற்பதில்லை. கையை நீட்டி விரல்களின்மேல் ஒரு கடதாசியை வைத்தால் அதன் ஓரம் நடுங்குதலைக் காணலாம். இந்நடுக்கம் நோயன்று, உடலின் இயல்பேயாம். பதற்றம் உண்டாகுங்கால், சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் அதிரீனலின் என்பதனை இரத்தத்தில் விடும். அதனால் இருதயம் விரைந்து துடிக்கும்; கைநடுக்கமும் மிகும். மூச்சை நெடிது வெளிவிடும்பொழுதோ, வேகசு என்னும் நரம்பின் ஆட்சி மேலோங்க, இருதயத் துடிப்புத் தணியும். ஆகவே அமைந்திருந்து மூச்சை நெறிப்படுத்துவான் ஒருவனது பதற்றம் குறைதல் வியப்பன்று. ஆயினும் பதற்றம் குறைதல் ஒன்று. கத்தி பிடிக்குந் திறம் மிகுதல் பிறிதொன்று. இரண்டனையும் ஒன்றாகக் கொள்வதினின்றே மேற்கூறிய மிகையுரை பிறக்கின்றது.

1979ஆம் ஆண்டில் மசச்சூசெற்சு சர்வகலாசாலை வைத்திய கலாசாலையில் யோன் கபாற்சின் என்பவர் எட்டு வாரப் பயிற்சியொன்றைத் தொடங்கினார். புத்தமதத்தாரது விபாசனை, சென் என்னும் முறைகளோடு அடயோக ஆசனங்களையுஞ் சேர்த்து, சமயச் சார்பு நீக்கி அமைத்தது அது. கலிபோர்னியா சர்வகலாசாலையின் சான்பிரான்சிஸ்கோ வைத்தியப் பகுதியில் காட்டர் லெபாரிசு என்னும் சத்திரவைத்தியரும் பிறரும் அதனைச் சிறிது மாற்றி, சத்திரம் பயிலத் தொடங்கிய இளம் வைத்தியர்க்குக் கற்பித்தனர். வாரந்தோறும் இரண்டு மணி வகுப்பு. நாடோறும் இருபது நிமிட வீட்டுப் பயிற்சி. 2018இலும் 2019இலும் முடிபுகள் வெளிவந்தன. இத்துணை வேலை நெருக்கடியுள்ளும் இப்பயிற்சி நடத்தக்கூடியதே என்பது தெளிந்தது. மன ஒருமைப்பாடு முதலியவற்றில் நல்ல குறிகள் சிலவும் தோன்றின. ஆயின் சேர்ந்தோர் தொகை 21. அவருள் பயிற்சி பெற்றோர் 12 பேர். நம் பாடசாலையொன்றின் ஒரு வகுப்பிற் பாதியும் ஆகாத தொகை! நோயாளர் விரைந்து குணமடைந்தனரோ என்பது அங்கே அளக்கப்பட்டதுமன்று.

இதனோடு ஒப்பிடத்தக்கது பிறிதொன்றுண்டு. உலக சுகாதார தாபனத்தார் 2008இல் வெளியிட்ட 19 உறுப்புகளையுடைய சரிபார்ப்புப் பட்டியலின்படி, தோலைக் கீறுமுன் யாவரும் கைநிறுத்தி, நோயாளி இன்னார், செய்வது இன்னதென வாய்விட்டுக் கூறல் வேண்டும். எட்டு வைத்தியசாலைகளில் இதனைக் கைக்கொண்டபின் இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்ததென 2009இல் வெளியாயிற்று. அவ்வொரு நிமிட அமைதியைத் தியானமென்பார் யாருமிலர்.

மற்றொன்றும் மறைத்தற்குரியதன்று. ஐக்கிய அமெரிக்காவிற் பயிலும் வைத்தியரின் வேலை வாரத்துக்கு 80 மணியென 2003இல் வரையறுக்கப்பட்டது. வரையறையே 80 மணி! உறக்கமிழந்தானொருவனுக்கு உறக்கங் கொடாது, கண்மூடியிருக்க இருபது நிமிடங் கொடுத்தல் எவ்வாறு மருந்தாகும்? தியானம் நன்றெனினும், அதனைக் காட்டி ஓய்வை மறுப்பார்க்கு யாம் துணைநிற்கலாகாது.

நம் நூல்களிற் கூறப்படும் தியானம் தாரணைக்கும் சமாதிக்கும் இடைநிற்பது. திருமந்திரத்து மூன்றாந் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கும். அதன் குறிக்கோள் கைவிரைவன்று. அதற்கு அமெரிக்கச் சான்று வேண்டுவதும் இல்லை.

வகுப்பிலே மாணாக்கர் தத்தம் நாடியை ஒரு நிமிடம் எண்ணி எழுதுக. ஐந்து நிமிடம் அமைந்திருந்து மூச்சை மெல்ல விட்டபின் மீண்டும் எண்ணுக. சிலருக்குத் தொகை குறையும், சிலருக்குக் குறையாது. குறையாதார் தொகையையும் கரும்பலகையில் எழுதுவித்தல் வேண்டும்.