அறுபதைத் தாண்டினால் முதலில் கால்கள்

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? இன்றே பாருங்கள். சிரமமாக இருந்தால் தொடைத் தசை தளர்ந்திருக்கலாம். நாற்காலியைச் சுவரோரம் போட்டு, காலையும் மாலையும் பத்து முறை மெதுவாக எழுந்து உட்காருங்கள். மூட்டு வலி இருந்தால் உயரமான நாற்காலியில் தொடங்குங்கள். தினமும் நடக்கிறோமே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நடை மட்டும் போதாது. 65 வயதுக்கு மேல் வாரத்தில் 3 நாளாவது சமநிலைக்கும் பலத்துக்குமான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாஷ்பேசினைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்பதும் நல்ல பயிற்சிதான்.

இரவில் பாத்ரூம் போக எழும்போது சட்டென நிற்காதீர்கள். கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பாத்ரூம் சுவரில் கைப்பிடியை, தயவுசெய்து, யாரும் விழுவதற்கு முன்பே பொருத்திவிடுங்கள்.

காலையில் இட்லி, இரவில் கஞ்சி என்று இருந்தால் புரதம் போதாது. சுண்டல், முட்டை, தயிர், மீன், ஏதாவது ஒன்று தினமும் தட்டில் இருக்கட்டும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். வயதானால் தாகம் தெரிவது குறையும். தண்ணீரை நேரம் பார்த்துக் குடியுங்கள்.

காது மந்தமானால் டிவி சத்தத்தைக் கூட்டிச் சமாளிக்காமல் பரிசோதனைக்குப் போங்கள். காது கேட்காதவர் பேச்சிலிருந்து மெல்ல ஒதுங்கிவிடுகிறார். அந்தத் தனிமை மனதை வாட்டும். மறதி நோய்க்கான அபாயத்தையும் கூட்டும்.