ஆடு மேய்ப்பவரும் ஆசிரியரே

மாலை வேளையில் சங்கரன்கோவில் வட்டாரக் கிராமங்களில், பள்ளி விட்டுத் திரும்பும் சிறுவர்கள், மேய்ச்சல் முடிந்து பட்டிக்குத் திரும்பும் மந்தைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதைக் காணலாம். கரிசல் மண்ணும் மானாவாரிச் சாகுபடியும் மிகுந்த இப்பகுதியில் ஆடு வளர்ப்பு தொன்றுதொட்டு வேளாண்மைக்குத் துணையாக இருந்து வருகிறது. எனினும், பாடம் படிக்காத பிள்ளையைக் கண்டிக்கும்போது நாம் கூறுவது என்ன? “நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு” என்பதே. இச்சொல் வீட்டிலும் எழுகிறது. சில வேளைகளில் வகுப்பறையிலும் எழுகிறது. அதே வகுப்பில் ஆடு மேய்ப்பவரின் மகனோ மகளோ அமர்ந்திருக்கக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தந்தையின் தொழிலை வசைச்சொல்லாகக் கேட்டு வளரும் குழந்தை, அத்தொழிலில் அடங்கிய அறிவையும் இழிவாகவே கருதத் தொடங்குகிறது. பயன் மிகுந்த ஒரு பாடம் இவ்வாறு தொடங்குமுன்னரே தடைப்பட்டுவிடுகிறது.

ஆதாரக் கல்வி காட்டிய வழி

இக்குறையை நம் முன்னோர் உணராமல் இல்லை. 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கூடிய கல்வி மாநாடு, கைத்தொழிலின் வாயிலாகவே கல்வி புகட்டப்பட வேண்டும் என்று வற்புறுத்தியது. அதற்கான பாடத்திட்டத்தை டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு வகுத்தது. சேவாகிராமத்தில் அக்கல்வியை முன்னின்று நடத்திய ஆரியநாயகம் இலங்கைத் தமிழர். தமிழகத்தில் 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம் இவ்வழியில் பெரும்பணி ஆற்றியது. ஆதாரப் பள்ளிகள் தனி அமைப்பாகப் பின்னர் நிலைக்கவில்லை. ஆயினும், கண்முன் நடக்கும் தொழிலே குழந்தைக்குச் சிறந்த பாடநூல் என்ற உண்மை மாறவில்லை.

உணவுத் தட்டிலிருந்து தொடங்குக

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே உள்ள எட்டயபுரத்தில்தான் 1956-இல் காமராசர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிவடைந்தது. இன்று பிள்ளைகளின் தட்டில் முட்டையும் இடம் பெறுகிறது. பாடத்தை அம்முட்டையிலிருந்தே தொடங்கலாம். “இதை அடை வைத்தால் குஞ்சு பொரிக்குமா?” என்று ஆசிரியர் வினவட்டும். சேவலின்றிப் பண்ணையில் வளரும் கோழி இட்ட முட்டை பொரியாது; சேவலுடன் வளரும் நாட்டுக்கோழி இட்ட முட்டை 21 நாள் அடையில் பொரிக்கும். இவ்வேறுபாட்டை வீட்டுக் கூடையிலேயே பிள்ளைகள் கண்டறியலாம்.

மந்தையில் கற்கும் பாடங்கள்

ஆட்டின் வயதை எவ்வாறு அறிவது? மேய்ப்பவர் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். ஆட்டின் மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. கீழ்த்தாடையில் எட்டு உண்டு. குட்டிப் பற்கள் இரண்டிரண்டாக விழுந்து பெரிய பற்கள் முளைக்கின்றன. இரண்டு பல் எனில் ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை வயது. எட்டும் சேர்ந்துவிட்டால் ஏறக்குறைய நான்கு வயது. இது உயிரியல் பாடம்.

ஆட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். ஆனி முதல் தேதியன்று சினைப்பட்ட ஆடு எந்த மாதத்தில் குட்டி ஈனும் என்பது கணக்குப் பாடம்.

கருநிற உடலும் முகத்தின் இருபுறமும் வெள்ளைக் கோடும் கொண்டது பால்கன்னி. அக்கோடு செந்நிறமாயின் செங்கன்னி. இக்கன்னி ஆடுகள் இத்தென்மாவட்டங்களுக்கே உரிய இனம் என்பது நாட்டைப் பற்றிய பாடம்.

இவை யாவற்றிலும் சிறந்தது கிடைப் பாடம். அறுவடை முடிந்து நிலம் வெறுமையாகக் கிடக்கும் கோடையில் விவசாயி தம் நிலத்தில் இரவில் கிடை போடச் செய்கிறார். ஆடுகளின் புழுக்கையும் சிறுநீரும் மண்ணில் சேர்கின்றன. ஐப்பசி மழையில் முளைக்கும் உளுந்தும் பருத்தியும் சோளமும் அவ்வுரத்தை உண்டு வளர்கின்றன. அறுவடைக்குப் பின் எஞ்சிய தட்டையும் சருகும் மீண்டும் ஆட்டுக்கு இரையாகின்றன. ஆட்டுக்கறி உண்ணாத குடும்பத்தின் உளுந்தங்களியிலும் ஆட்டின் பங்கு உண்டு என்பதை இதனால் பிள்ளைகள் உணர்வர்.

உண்மையை மறைத்தல் வேண்டா

சங்கரன்கோவில் ஆட்டுக்கறிப் பிரியாணிக்குப் பெயர் பெற்ற ஊர். “நாம் வளர்த்த குட்டியை ஏன் விற்கிறோம்?” என்று குழந்தை கேட்கும். பொய் கூறி மழுப்புதல் தகாது. அக்குட்டியின் விலையில்தான் பள்ளிச் சீருடையும் மருத்துவச் செலவும் அடங்கியுள்ளன என்பதையும், இறைச்சிக்காக வளர்க்கும் உயிரையும் பசியும் நோயும் இன்றிப் பேணுவது நம் கடமை என்பதையும் அன்புடன் எடுத்துரைக்கலாம்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. மாதம் ஒரு மாலை, பிள்ளைகளை ஆசிரியருடன் பட்டிக்கு அழைத்துச் செல்ல அங்கத்தினர்கள் ஏற்பாடு செய்யலாம். மேய்ப்பவரைப் பகலில் பள்ளிக்கு அழைத்தால் அன்றைய மேய்ச்சல் கெடும். ஆதலின் பள்ளியே அவரிடம் செல்வது முறை. கால்நடை மருத்துவரையும் உடன் அழைத்தல் நலம். நோயுற்ற ஆட்டைத் தொடாதிருத்தல், காய்ச்சாத பாலைப் பருகாதிருத்தல், திரும்பியதும் சோப்பிட்டுக் கைகழுவுதல் ஆகியவற்றைப் பிள்ளைகள் அன்றே பழகட்டும். இதற்குத் தனிக் கட்டடமோ பெருஞ்செலவோ தேவையில்லை.

மேய்ச்சல் புறம்போக்கு ஆக்கிரமிப்புக்கு உள்ளாகாமல் காத்தலும் இப்பாடத்தின் பகுதியே. மேய்ச்சல் நிலம் மறைந்தால் மந்தை மறையும். மந்தை மறைந்தால் கற்பிப்பவரும் மறைவார்.

பட்டியின் நடுவே மேய்ப்பவர் பல்லைக் காட்டி வயது சொல்ல, ஆசிரியரும் அருகில் நின்று கேட்கும் காட்சியை அவருடைய பிள்ளை ஒரு முறை காணட்டும். அதன்பின் “ஆடு மேய்க்கத்தான் லாயக்கு” என்னும் சொல் அவ்வூரில் வசையாக நிற்க இயலாது.