பேட்ச் அனுப்பியவர் போய்விட்டார், பிழை யார் தலையில்?

கேள்வி: பழைய பாமினி எழுத்துருவில் உள்ள கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சிறிய நிரல் ஒன்றை எழுதி, கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டேன். இப்போது முன்பின் தெரியாதவர்களும் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்புகிறார்கள். சென்னைக்கு வேலைக்குப் போகும் ரயிலில்தான் அவற்றைப் படிக்க நேரம் கிடைக்கிறது. ஒன்றைச் சரியாகப் பார்க்காமல் சேர்த்துவிட்டேன். மாற்றிய கோப்பில் ‘கொடி’ என்று தேடினால் கிடைக்கவில்லை என்று பலரும் திட்டுகிறார்கள். அனுப்பியவரிடமிருந்து பதிலே இல்லை. பொறுப்பு யாருடையது? இனி வருவதையெல்லாம் மறுத்துவிடலாமா?
– வாசகர், ஒலக்கூர்

பதில்: உரிமத்தின்படி பார்த்தால் யார் மீதும் வழக்கில்லை. எம்ஐடி, ஜிபிஎல் இரண்டுமே ‘உத்தரவாதம் கிடையாது’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. நடைமுறையில் பொறுப்பு உங்களுடையதுதான். அனுப்புவது அவர் விருப்பம். சேர்ப்பது உங்கள் முடிவு. அதனால் பேட்ச் நன்றாக இருக்கிறதா என்பதோடு நிற்காமல், ‘அனுப்பியவர் நாளைக்கே காணாமல் போனால் இந்த வரிகளை நான் பார்த்துக்கொள்வேனா?’ என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டேன் என்றால் சேர்க்காதீர்கள்.

முதல் வேலையாக அந்த பேட்சைத் திரும்ப எடுத்துவிட்டுப் புதிய பதிப்பை வெளியிடுங்கள். அனுப்பியவரைப் பொதுவில் குறை சொல்ல வேண்டாம்.

நீங்கள் சொல்லும் அறிகுறிக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பாமினியில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்ற வரிசையில் இருக்கும். நிரல் முதலில் கொம்பையும் ககரத்தையும் சேர்த்து ‘கெ’ ஆக்கிவிட்டால், கால் தனியாகப் பின்னால் நிற்கும். திரையில் ‘கொ’ என்றே தெரியும். ஆனால் கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று உள்ளே இரண்டு குறியீடுகள் கிடக்கும். நாம் தட்டச்சு செய்யும்போது வருவதோ ஒகரத்தின் துணைக்குறிக்கென்று யூனிகோடில் உள்ள ஒற்றைக் குறியீடு. தேடல் பிறகு எப்படிப் பொருந்தும்? ‘கெ’வுக்கு முன்பே ‘கொ’வை மாற்றும்படி வரிசையைத் திருத்துங்கள். இதை ரயிலில் உட்கார்ந்து கண்ணால் பிடிக்க முடியாது. ‘கொடி’, ‘கோடு’ என்று நாலு சொற்களை வைத்து எழுதிய ஒரு சோதனை பிடித்துவிடும்.

ஆகவே சோதனை இல்லாத பேட்சைச் சேர்ப்பதில்லை என்று எழுதி வையுங்கள். ஒரு பேட்சில் ஒரு மாற்றம்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிழை திருத்தமும் மாறிகளின் பெயர் மாற்றமும் கலந்து வந்தால், பிரித்து அனுப்பச் சொல்லுங்கள்.

படித்தபின் சேர்த்தாலும் பிழை தப்பும். இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை 2011 டிசம்பர் கடைசியில் ஒரு பேட்சோடு உள்ளே வந்தது. எதிர்முனை சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பியதுதான் தவறு. திட்டக் குழுவில் ஒருவர் பார்த்த பிறகுதான் சேர்த்தார்கள். 2014 ஏப்ரலில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. படிக்கும் கண்கள் குறைவாக இருந்தால் இப்படித்தான்.

கண்களைக் கூட்ட லினக்ஸ் கெர்னலைப் பாருங்கள். எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று அங்கே ஒரு கோப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். லினக்ஸில் தன் நிரல்வரிகள் கலந்திருப்பதாக எஸ்சிஓ நிறுவனம் 2003இல் தொடுத்த வழக்குக்குப் பிறகு, 2004இலிருந்து ஒவ்வொரு பேட்சிலும் ‘சைன்ட் ஆஃப் பை’ வரி வருகிறது. இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று எழுதியவர் தன் பெயரைப் போடுகிறார். அதை வாங்கி மேலே அனுப்பும் பராமரிப்பாளரும் கீழே தன் பெயரைச் சேர்க்கிறார். பிழை வந்தால் யாரைக் கேட்பது என்பது அந்த வரிகளிலேயே இருக்கிறது. உங்கள் நிரல் சிறியது. எழுத்து அட்டவணைக்கு ஒருவர், சோதனைகளுக்கு ஒருவர் என்று இரண்டு பெயர் எழுதினாலே போதும்.

பாரம் தாங்காமல் அவசரப்பட்டுச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் திட்டத்தைத் தனியாளாகப் பார்த்துவந்த லாஸ்ஸே காலின் களைத்திருந்த நேரத்தில், 2022இல் பொறுப்பைப் பகிரும்படி சிலர் அவரை நெருக்கினார்கள். 2021இலிருந்து பேட்ச் அனுப்பி நம்பிக்கை பெற்றிருந்த ‘ஜியா டான்’ என்ற பெயரில் இருந்தவர் கைக்குப் பொறுப்பு போனது. பிறகு வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருந்தது. எஸ்எஸ்எச் வழி உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், 2024 மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார். வந்தவர் நல்லவரா கெட்டவரா என்று உங்களால் சொல்ல முடியாது. ஆனால் எந்த மாற்றமும் இரண்டு பேர் பார்க்காமல் வெளியே போகாது என்று வைத்துக்கொள்ள முடியும். முதலில் படிக்கும் வேலை, பிறகு சேர்க்கும் உரிமை, கடைசியாகத்தான் வெளியிடும் உரிமை.

ஆளுக்கு எங்கே போவது என்பீர்கள். நீங்கள் ஏறும் அதே ரயில் பாதையில் எதிர்த்திசையில் போனால் விழுப்புரம். அங்கே குனு/லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. கற்க வரும் மாணவர்களுக்கு, உங்களுக்கு வந்த பேட்ச்களைப் படித்துக் குறை சொல்வதையே பயிற்சியாகக் கொடுங்கள். தமிழ் தெரிந்தவர் கண்ணுக்குத்தான் எழுத்துப் பிழைகள் சிக்கும்.

எல்லாவற்றையும் மறுக்க வேண்டாம். மறுப்பதை மட்டும் சீக்கிரமாக, காரணத்தோடு மறுத்துவிடுங்கள். மாதக்கணக்கில் பதிலில்லாமல் கிடக்கும் பேட்ச்தான் அடுத்த பங்களிப்பாளரை விரட்டும்.